கீழ் எல்லைக்கும் கீழே

மே 17

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது எங்கள் கடல் ஆய்வு மையத்தின் தலைவர் வசுமதி மேடம் கூப்பிட்டார். சூசைத்துறைப் படகு ஒன்றிடமிருந்து நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு தகவல் இல்லை. படகின் பெயர் சமாதான மாதா. லட்சத்தீவுக்கு மேற்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. புயல் எதிர்பார்த்ததைவிட ஒரு நாள் முந்திக்கொண்டது. “தண்ணி உள்ள கேறுது” என்ற குரலைப் பக்கத்துப் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள். அப்போது அவர்கள் இருந்த இடம்தான் எங்களிடம் உள்ள ஒரே புள்ளி.

அந்தப் புள்ளியில், கணினிக்குள், பத்தாயிரம் மிதவைகளை இறக்கிவிடுவோம். காற்றும் நீரோட்டமும் அவற்றை எங்கெங்கே கொண்டுபோகும் என்று கணக்கு ஓடும். பிறகு கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எத்தனை மிதவை சேர்ந்திருக்கிறது என்று நிறம் தீட்ட வேண்டும். அடர்ந்த இடம் சிவப்பு. குறைந்தால் மஞ்சள். இன்னும் குறைந்தால் வெளிர் நீலம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தேடல் அறை விமானத்தையும் கப்பலையும் அனுப்பும். நிறம் தீட்டுவது என் பொறுப்பு.

தேடல் அறையிலிருந்து நந்தகுமார் சார் படகில் இருந்த ஆறு பேரின் பெயர்களையும் போனில் படித்தார். எழுதிக்கொண்டேன். ஐந்தாவது பெயர் வந்தபோது, “கொஞ்சம் வித்தியாசமான பேரு. எழுத்துக்கூட்டிச் சொல்லவா?” என்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. மகள் ஜோவிக்குப் பக்கத்து வீட்டு சுந்தரி அக்கா தோசை ஊற்றிக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவளுக்கு ஷூ வாங்க வேண்டும். பழையது கடிக்கிறதாம்.

மே 18

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. ஆபீஸ்.

காலையில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நந்தகுமார் சார் கூப்பிட்டார்.

“மேடம், நடுவுல பெருசா ஒரே சிவப்பா இருக்கு. கடல்ல அது அம்பது கிலோமீட்டருக்கு மேல வருது. அந்தச் சிவப்புக்குள்ள நான் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?”

தவறு அளவுகோலில் இருந்தது. வழக்கமாக மேல் எல்லையை இருநூறு மிதவை என்று வைத்திருப்போம். இருநூறைத் தாண்டினால் எல்லாம் ஒரே சிவப்பு. முந்தாநாள்தான் படகு காணாமல் போயிருக்கிறது, மிதவைகள் இன்னும் கலையவில்லை. சில கட்டங்களில் இருநூற்றைம்பது, சிலவற்றில் தொள்ளாயிரம். இரண்டும் ஒரே நிறத்தில் நின்றன. மேல் எல்லையை ஆயிரத்துக்கு ஏற்றினேன். பெரிய சிவப்பு உடைந்து, உள்ளே கைக்குட்டை அளவுக்கு ஒரு சின்னச் சிவப்பு மட்டும் மிஞ்சியது.

“இது போதும்” என்றார் அவர். விமானம் பதினொரு மணிக்குக் கிளம்பியது. ஒன்றும் தென்படவில்லை என்று மூன்று மணிக்குத் திரும்பிவிட்டது. அலைநுரை அதிகம், மேலிருந்து பார்த்தால் எல்லாமே வெள்ளையாகத் தெரிகிறதாம்.

கேஸ் பதிவு செய்தேன். புதன்கிழமைதான் வரும்.

மே 19

மழை. விமானம் எழும்பவில்லை.

மே 20

படகில் போனவர்களின் வீட்டார் வந்திருந்தார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள், கூடவே சூசைத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை. மையத்தின் கூட்ட அறையில் நாற்காலிகள் போதவில்லை. வசுமதி மேடம் என்னைப் படத்தை விளக்கச் சொன்னார். இன்னொருவரை அனுப்புங்கள் என்று சொல்லப் பார்த்தேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

உள்ளே போனதும் மூன்றாவது வரிசையில் மாமி இருந்தார்.

இதை இங்கே எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது பெயர் கிளீட்டஸ். என் கணவர். குடும்பநல நீதிமன்ற மனுவின்படி எதிர்மனுதாரர். இரண்டு வருடமாகத் தனித்தனியாக இருக்கிறோம். ஆபீசில் யாருக்கும் தெரியாது, இங்கே சேரும்போது அப்பா பெயரைத்தான் போட்டேன்.

மாமி அவருடைய அம்மா, பெயர் பிரகாசியம்மாள். கடைசியாக அவரைப் பார்த்தது நான் ஜோவியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு இறங்கிய அன்று. “கடலுக்குப் போறவனக் கெட்டிக்கிட்டு, இப்பம் கடலு வேண்டாம்னா அது என்னட்டி நியாயம்?” என்று தெருவே கேட்கக் கத்தினார். இன்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

“இவங்க பெல்சி. படம் போடுறது இவங்கதான்” என்றார் வசுமதி மேடம்.

வந்தவர்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ வாயைத் திறக்கப் போகுமுன் மாமி எழுந்து நின்றுவிட்டார்.

“வணக்கம் மேடம்” என்றார் என்னைப் பார்த்து. “நீங்க சொல்லுங்க. நாங்க கேக்கோம்.”

அதன்பிறகு யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிவப்பு எது, மஞ்சள் எது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. முடித்ததும் மாமி கையைத் தூக்கினார்.

“மேடம், இந்த வெள்ளையா கெடக்க எடத்துல ஆளு இருக்க மாட்டாவளா?”

“வாய்ப்பு ரொம்பக் குறைவு” என்றேன்.

“குறைவா, இல்லியா?”

வசுமதி மேடம் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

எல்லோரும் இறங்கும்போது மாடிப்படியில் மாமி பின்தங்கினார். என் கையைப் பிடிக்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. “நீ யாருன்னு சொன்னா ஒன்ன அந்த நாற்காலியில இருந்து எழுப்பி விட்டுருவாவ. சொல்லாத. நீயே இருந்து பாரு” என்றார். அப்புறம் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

மே 21

கேஸ் வந்தது.

தினமும் காலையில் லட்சத்தீவுப் பக்கத்து அலை உயரத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். மற்ற பகுதிகளை அந்தந்த ஆட்கள் பார்ப்பார்கள். அந்தப் பகுதியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த மையத்தில் வேலை கிடைத்தபோதே, இதைவிட நல்ல சம்பளத்தில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி கூப்பிட்டது. நாகர்கோவில்தான் ஜோவிக்குப் பழகிய ஊர் என்று இதில் சேர்ந்தேன். அவ்வளவுதான்.

பதினாறாம் தேதி காலையிலும் பார்த்தேன். மூன்று மீட்டர் என்று இருந்தது. மூன்று மீட்டருக்கெல்லாம் அவர்கள் திரும்ப மாட்டார்கள்.

மே 22

மாமி கேட்ட கேள்வி வேலையினிடையே வந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் அளவுகோலின் கீழ் எல்லை பத்து மிதவை. பத்துக்குக் குறைந்த கட்டத்துக்கு நிறம் இல்லை. ஒன்பது மிதவை இருக்கும் கட்டமும் வெள்ளை. ஒன்றுமே இல்லாத கட்டமும் வெள்ளை. நாங்கள் கணக்கே போடாத கடலும் வெள்ளை, நிலமும் வெள்ளை. படம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று எப்போதோ யாரோ அப்படி அமைத்தது. நானும் கேள்வி கேட்காமல் அதையே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்குள் மறைந்த மிதவைகளை இன்று எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் அப்படிப் போனவை ஐம்பதுகூட இல்லை. இன்று பத்தாயிரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல்.

எல்லைக்குக் கீழே போன கட்டங்களுக்குத் தனியாக ஒரு நிறம் கொடுத்தேன். சாம்பல். ஒன்றாவது இருந்தால் சாம்பல், ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் வெள்ளை. படத்தைத் திரும்ப ஓட்டியபோது, நடுவில் இருந்த நிறத் திட்டைச் சுற்றி அதைவிடப் பெரிய சாம்பல் பரப்பு தெற்கேயும் கிழக்கேயும் விரிந்தது.

வசுமதி மேடம் நெடுநேரம் பார்த்தார். “தப்பு ஒண்ணுமில்ல. ஆனா பெல்சி, இருக்கிறதே ரெண்டு விமானம். இதைப் பார்த்துட்டு எல்லாப் பக்கமும் சிதறிட்டாங்கன்னா?”

“சிதற வேணாம் மேடம். ஆனா இல்லாத எடமும் தெரியாத எடமும் ஒரே மாதிரி தெரியக்கூடாது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

“நந்தகுமார்கிட்ட நானே பேசுறேன்” என்றார்.

மே 23

நந்தகுமார் சார் நல்ல மனிதர். “விமானத்தைச் சாம்பலுக்கு அனுப்ப முடியாது மேடம், அது என் சக்திக்கு மீறினது. ஆனா இந்தச் சாம்பலோட தெற்கு ஓரம் சரக்குக் கப்பல் போற பாதையில விழுது. அந்த வழியா போற கப்பல் எல்லாத்துக்கும் ஒரு கண்ணு வைங்கன்னு செய்தி கொடுக்கிறேன். அதுக்குச் செலவில்ல” என்றார்.

ஷூ வாங்கினேன். ஒரு அளவு பெரியதாகவே கொடுத்தார்கள், வளர்கிற பிள்ளை என்று.

மே 25

ஜோவிக்குத் தெரிந்துவிட்டது. டி.வி.யில் படகின் பெயர் சொன்னார்களாம், சுந்தரி அக்கா மாற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். ஏழு வயது. அந்தப் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவள்.

தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்டாள்.

“அம்மா, அப்பாவ தேடுதாவளா?”

“தேடுறாங்க.”

“ஆரு தேடுதாவ?”

“விமானம், கப்பல், எல்லாம். எங்க போய்த் தேடணும்னு எங்க ஆபீசுலதான் சொல்லிக் கொடுக்கிறோம்.”

“நீயா சொல்லிக் கொடுக்க?”

“ஆமா.”

“அப்பம் கெடச்சிருவாரு” என்று விளையாடப் போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்ததைக்கூடப் பிறகுதான் பார்த்தேன்.

கிளீட்டஸைப் பற்றிக் கெட்டதாக எழுத இந்த இரண்டு வருடத்தில் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். மனுவில் எழுத வக்கீல் கேட்டார்: “அடிப்பாரா? குடிப்பாரா?” இல்லை. “வேற பொண்ணு?” இல்லை. ஒரு முறை அவர்கள் படகு கவிழ்ந்து, ஒரு நாள் முழுக்கத் தகவல் இல்லாமல் நான் கடற்கரையில் இருந்தேன். அதன்பிறகு கடலை விட்டுவிடுங்கள் என்றேன். எனக்காகத் துபாய்க்குப் போனார், கிரேன் ஓட்ட. நான்கு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். “அங்க மூச்சு முட்டுது பெல்சி” என்றார். கடலா, நானும் பிள்ளையுமா என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார். வக்கீல் அதை ‘குடும்பப் பொறுப்பைக் கைவிட்டது’ என்று எழுதினார்.

மே 27

இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள்.

சாம்பலின் தெற்கு ஓரத்தில். கொழும்புப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலின் மாலுமி, கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தையும் அதன்மேல் ஆட்கள் படுத்திருப்பதையும் பார்த்திருக்கிறான். காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. ஆபீசே எழுந்து நின்றது. வசுமதி மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். “உன் சாம்பல்தான் பெல்சி! உன் சாம்பல்தான்!” என்றார். யாரோ லட்டு வாங்கப் போனார்கள்.

“பேரு என்ன மேடம்?” என்று கேட்டேன்.

“தெரியல. இப்பச் சொல்வாங்க.”

பெயர்கள் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் அந்த நேரம் என்ன செய்தேன் என்று நினைவில்லை. மற்றவர்கள் சொல்கிறார்கள், எல்லோருடைய டம்ளர்களையும் கழுவி வைத்தேனாம்.

ஷிபு. வர்க்கீஸ்.

லட்டு தின்றேன். இரண்டு உயிர். வர்க்கீசுக்கு மூன்று பெண் குழந்தைகள். சந்தோஷப்படாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. சந்தோஷப்பட்டேன்.

மே 28

மாமி போன் செய்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. நம்பரை அழிக்காமல்தான் வைத்திருந்திருக்கிறார்.

ஷிபுவோடு கப்பலிலிருந்து பேச வைத்தார்களாம். அவன் சொன்னதை மாமி எனக்குச் சொன்னார். நடுவில் ஒரு இடத்திலும் அழவில்லை.

“கவுந்தப்பமே ரெண்டு பேரு போயிட்டாவ. நாலு பேரு வள்ளத்துக்க மேல கேறிக் கெடந்தினும். குடிக்க வெள்ளம் ஒரே ஒரு கேன்தான். மூணாம் நாளு ஒரு அலை அடிச்சு அந்தக் கேனு மிதந்து ஒழுகிப் போச்சு. கிட்டத்தான், பத்துப் பாகம்கூட இல்ல. எனக்க மோன் கடல்ல சாடிட்டான். கேனப் பிடிச்சுத் திருப்பி எறிஞ்சு போட்டான் பிள்ளே. ஷிபு பிடிச்சுக்கிட்டான். அந்த வெள்ளத்தக் குடிச்சுத்தான் இவனுவ கெடந்தது. அடுத்த அலையில கிளீட்டஸ காணல்ல. விளிச்சுப் பாத்தாவளாம். பதிலுக்கு விளிச்சானாம். பெறவு விளி கேக்கல்ல.” நாலாவது ஆள் இரண்டு நாள் கழித்துக் கைநழுவிப் போனாராம்.

“லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாரா மாமி?” என்று கேட்டேன்.

“போட்டிருந்தான்னு சொல்லுதான்.”

“சரி. நான் பாக்குறேன்.”

“பாரு” என்றார். வைக்கும்முன், “பிள்ள தின்னாளா?” என்று கேட்டார். தின்றாள் என்றேன்.

மே 29

கவிழ்ந்த படகு மிதப்பதும் ஒரு ஆள் மிதப்பதும் ஒன்றல்ல. படகைக் காற்று அதிகம் தள்ளும், ஆளை நீரோட்டம் அதிகம் இழுக்கும். மூன்றாம் நாள் படகு எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அங்கேயிருந்து ஒற்றை ஆளாகப் பத்தாயிரம் மிதவைகளைத் திரும்ப இறக்கினேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.

வசுமதி மேடம் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“கெடச்ச ரெண்டு பேரைக் கேட்டுட்டு, காணாமப் போன நாலு பேருக்கும்தான் கணக்குப் போடணும். நீ ஒரே ஒருத்தருக்குப் போடுற. அதுவும் சாப்பிடாம” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “யாரு பெல்சி அவர்?”

“ஜோவியோட அப்பா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏன் சொல்லலை?”

“சொன்னா வேற ஆளைப் போட்டிருப்பீங்க.”

“போட்டிருப்பேன்தான்” என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “தள்ளு. நீரோட்டத்தோட புது அளவு காலையிலதான் வந்திருக்கு. பழசை வெச்சு ஓட்டியிருக்க” என்று அவரே விசைப்பலகையை வாங்கிக்கொண்டார். மற்ற மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கணக்கு ஓட்டினோம். ஆபீஸ் பூட்டும்வரை இரண்டு பேரும் எழவில்லை.

மே 31

புதுப் படத்தை வைத்து விமானம் ஒரு முறை போய் வந்தது. ஒரு செருப்பு மட்டும் தெரிந்ததாம். எந்தப் படகில் இருந்து விழுந்ததோ. கடலில் செருப்புக்குப் பஞ்சமில்லை.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஜோவி புது ஷூவில் பஞ்சு வைத்துக்கொண்டு போனாள்.

இன்றைய படத்தில் நிறமே இல்லை. ஒரு கட்டத்திலும் பத்து மிதவை சேரவில்லை. அத்தனையும் கீழ் எல்லைக்கும் கீழே போய்விட்டன. லட்சத்தீவிலிருந்து இலங்கைக்குத் தெற்குவரை ஒரே சாம்பல். பத்தாயிரத்தையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை, எல்லாம் கடலில்தான் இருக்கின்றன. எந்த ஒரு இடத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

நந்தகுமார் சார் போனில் மெதுவாகப் பேசினார். வசுமதி மேடம் அவரிடம் சொல்லியிருப்பார். “மேடம், இதுல நான் எந்தப் பக்கம் அனுப்புறதுன்னு நீங்களே சொல்லுங்க. சொன்னா இப்பவே கேட்டுப் பார்க்கிறேன்.”

“சாயங்காலம் சொல்றேன் சார்” என்றேன்.

அளவுகோலுக்கு இன்னொரு வழி உண்டு. எல்லைகளை நாம் வைக்காமல் படத்தின் போக்கில் விட்டுவிடலாம். அந்தப் படத்தில் எது அதிகமோ அது தானாகச் சிவப்பாகிவிடும். அந்தப் பொத்தானை அழுத்தினேன். உடனே சாம்பலுக்கு நடுவில் நிறங்கள் எழுந்துவந்தன. நீலம், மஞ்சள், ஒரு மூலையில் நல்ல சிவப்பு. முதல் நாள் படம் போலவே இருந்தது. அந்தச் சிவப்பில் இருந்தது ஏழு மிதவை. பத்தாயிரத்தில் ஏழு. ஆனால் சிவப்பு, சிவப்பாகத்தான் தெரிந்தது. இதை அனுப்பினால் நாளைக் காலை விமானம் கிளம்பும். அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ.

வசுமதி மேடம் திரையைப் பார்த்தார். அளவுகோலின் உச்சியில் இருந்த எண்ணைப் படித்தார்.

“மேல ஏழுன்னு இருக்கு.”

“ஆமா மேடம்.”

“அனுப்பிட்டியா?”

“இல்ல.”

“மழைக்காலம் தொடங்கிடுச்சு. அந்த விமானத்துலயும் நாலு பேர் இருக்காங்க பெல்சி.”

“தெரியும். அதனாலதான் அனுப்பல.”

“அழிச்சிடு.”

“என்னால முடியல மேடம். நீங்க அழிச்சிடுங்க.”

அவர் குனிந்து அழித்தார். திரையில் பழையபடி சாம்பல் வந்தது. நந்தகுமார் சாருக்கு அவரே போன் செய்தார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அழுகை வரவில்லை.

ஜூன் 3

தேடுதல் நிறுத்தப்பட்டது. கப்பல்களுக்கான செய்தி மட்டும் தொடரும்.

ஜூன் 5

ஜோவியிடம் சொன்னேன். பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், அவளே கேட்டுவிட்டாள்.

“நீ தேடியும் கெடைக்கலியா?”

“கெடைக்கல மக்களே.”

என் கையிலிருந்த சீப்பை வாங்கித் தானே தலை சீவிக்கொண்டாள். வகிடு கோணலாக இருந்தது. சரி செய்யவில்லை. ரிக்‌ஷாவில் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஜூன் 12

சூசைத்துறைக் கோயிலில் நான்கு பேருக்கும் பூசை வைத்தார்கள். ஜோவியோடு கடைசி வரிசையில் நின்றேன். உடல் இல்லாதவர்களுக்குச் சட்டையை வைத்து அடக்கம் செய்வது வழக்கம். மற்ற மூன்று வீட்டாரும் சட்டை கொண்டுவந்திருந்தார்கள். மாமி கொண்டுவரவில்லை. பங்குத்தந்தை இரண்டு முறை கேட்டார். “கடலு தரட்டும் சாமி. அப்பம் தாறேன்” என்றார்.

வெளியே வந்தபோது ஷிபு சக்கர நாற்காலியில் இருந்தான். உதடெல்லாம் வெடித்து, பாதி ஆளாகியிருந்தான். ஜோவியைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் போய், “எங்க அப்பா என்ன விளிச்சாரு?” என்று கேட்டாள். கடைசியாகக் கடலுக்குள்ளிருந்து என்ன குரல் கொடுத்தார் என்று கேட்கிறாள். யார் இவளுக்கு இதையெல்லாம் சொன்னது?

“பிடிச்சிட்டியாலேன்னு கேட்டான் மோளே” என்றான் ஷிபு. “குடிவெள்ளக் கேன. பிடிச்சிட்டேன்னு நான் விளிச்சுச் சொன்னேன்.”

வீடு வரும்வரை ஜோவி என் கையை விடவில்லை. நானும்.

ஜூன் 20

வக்கீல் போன். ஜூலை மூன்றாம் தேதி வாய்தா. “காணாமப் போனவர் இறந்ததா அரசாங்கம் சொல்ற வரைக்கும் கேஸ் அப்படியேதான் இருக்கும். எதிர்த்தரப்பு வரலைன்னு ஒருதலையா தீர்ப்பு வாங்கிடலாம். ஆனா யோசிச்சுச் செய்ங்க. விவாகரத்து ஆயிட்டா நிவாரணம் உங்களுக்கு வராது” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். வாய்தாவுக்கு நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். இரண்டு குடம் சுந்தரி அக்கா கொடுத்தார்.

ஜூலை 3

அரை நாள் லீவு. குடும்பநல நீதிமன்றத்தில் மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை. எங்கள் வழக்கு ஒன்பதாவது. ஒரு சின்ன வயதுத் தம்பதி ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவரும் போன வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அன்று மதியம் ஆகிவிட்டது. அவர் வெளியே போய் இரண்டு வடை வாங்கிவந்து, ஒன்றை என் பக்கம் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் தொடவில்லை. எறும்பு வந்தது.

பன்னிரண்டரைக்கு எங்கள் எண் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போய் நின்றேன். கூப்பிடுகிற ஊழியர் கதவுப் பக்கம் திரும்பி, வெராந்தா முழுக்கக் கேட்கும்படி ராகமாகக் கூப்பிட்டார்.

“சூசைத்துறை கிளீட்டஸ்...”

யாரும் வரவில்லை.

“சூசைத்துறை கிளீட்டஸ்...”

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

“சூசைத்துறை கிளீட்டஸ்...”

“இருக்கேன் சாரே” என்று ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமி வந்தார். வெள்ளைப் புடவை, முக்காடு, கையில் ஒரு துணிப்பை. ஊழியர் தடுத்தார். நீதிபதி அம்மா விடச் சொன்னார்.

“நீங்க யாரும்மா?”

“அவனுக்க அம்மெ. அவன் வரல்ல. இன்னைக்குக் கேசுன்னு தாளு வந்துது. விளிச்சா ஆரும் பதில் சொல்லாம இருக்கப்பிடாதுன்னு நான் வந்தேன்.”

நீதிபதி அம்மா காகிதங்களைப் புரட்டினார். வக்கீல் எழுந்து விஷயத்தைச் சொன்னார். நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க? வழக்கைத் தள்ளி வைக்கட்டுமா?”

“வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றேன்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். அவரைப் பார்க்காமல் நின்றேன்.

“காரணம் எழுதணும். சமரசம் ஆயிட்டதா எழுதலாமா?”

சமரசம் ஆக எதிரே ஆள் வேண்டாமா? மாமிதான் பதில் சொன்னார்.

“அப்படியே எழுதுங்கம்மா. அவன் எப்பமோ ஆயிட்டான். இவளும் ஆயிட்டா.”

நீதிபதி அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். மாமி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார், எனக்கும் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மே பதினேழாம் தேதியிலிருந்து வராதது, ரோட்டோரத்தில், போகிறவர்கள் பார்க்க. மாமி வெயில் என் மேல் படாதபடி கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்.

“பிள்ளைக்கு எத்தன மணிக்கு பள்ளிக்கூடம் விடும்?” என்று கேட்டார்.

“நாலு மணிக்கு மாமி.”

“எந்த பஸ்சு?”

சொன்னேன். முக்காட்டைச் சரி செய்துகொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.